எழுத்துமூலம்

நாளிதழின் உள்பக்கத்தில், மின்தடை அறிவிப்புக்கும் சந்தை நிலவரத்துக்கும் நடுவில் அவ்வப்போது ஒரு செய்திக்குறிப்பு வரும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் கீழ் இயங்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். மைய நிர்வாகி, வழக்குப் பணியாளர், பாதுகாவலர், பல்நோக்கு உதவியாளர். உள்ளூர்ப் பெண்ணாக இருக்கணும். சுழற்சி முறையில் ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்யணும். உதவியாளருக்குச் சமைக்கத் தெரிஞ்சிருக்கணும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: பணி முற்றிலும் தற்காலிகமானது.

வேலை தேடும் பெண்கள் இதை வேலைவாய்ப்புச் செய்தியாகப் படிப்பார்கள். நான் இதை ஒரு பிரதியாகப் படிக்க விரும்புகிறேன். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணுக்கு இந்த மாவட்டத்தில் அரசு தரும் ஆதரவைப் பற்றி நமக்குப் பொதுவெளியில் கிடைக்கிற எழுத்தில் பெரும்பகுதி இந்த மாதிரிக் குறிப்புகள்தான். திறப்பு விழாப் படம் ஒன்று, ஆள் தேவை ஒன்று, மகளிர் தினத்தில் விழிப்புணர்வுப் பேரணி ஒன்று. சேவையைப் பெற்றவள் எங்கும் இல்லை. அவள் இருக்கக் கூடாதுதான், சட்டமே அவள் பெயரை மறைக்கச் சொல்கிறது. ஆனால் பெயரை மறைக்கச் சொன்ன சட்டம் அவளுக்கு நடப்பதையும் சேர்த்து மறைக்கச் சொல்லவில்லை.

நான் படித்தது தமிழ் இலக்கியம். சட்டமும் இல்லை, சமூகப்பணியும் இல்லை. எம்.ஏ. தமிழ் படித்தவளால் ஊருக்கு உறுதியாக உள்ள ஒரே பிரயோஜனம் மனு எழுதித் தருவது. முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், தெருவிளக்கு என்று தொடங்கி, அப்படியே ‘அந்த மாதிரி’ மனுக்களும் கைக்கு வந்து சேர்ந்தன. ஆகவே இது ஒரு திட்டத்தின் சாதனை வேதனைக் கணக்கு அல்ல. ஆதரவு கேட்டுப் போகிறவள் எத்தனை எழுத்துகளைக் கடக்க வேண்டியிருக்கிறது, அந்த எழுத்துகள் அவளை யாராக எழுதி வைக்கின்றன என்பதே என் விசாரணை.

தற்காலிகம் என்கிற சொல்லிலிருந்து தொடங்கலாம். 2012 டிசம்பர் தில்லிச் சம்பவத்துக்குப் பிறகு உருவான நிர்பயா நிதியிலிருந்து, 2015 ஏப்ரல் 1 முதல் இந்த மையங்கள் திட்டமாயின. மருத்துவம், காவல், சட்டம், மன ஆலோசனை, தங்குமிடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பது திட்டத்தின் வாக்கு. தங்குமிடம் அதிகபட்சம் 5 நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் வேறு விடுதிக்கு அனுப்புவார்கள். தங்குகிறவள் தற்காலிகம், அவளுக்குச் சோறாக்கிப் போடுகிறவள் தற்காலிகம், அவள் கதையைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வழக்குப் பணியாளர் ஒப்பந்தக்காரர். கிடைக்கும் பணத்துக்கும் ‘இடைக்கால’ நிவாரணம் என்றே பெயர் தொடங்குகிறது. மூன்று வருஷம் கழித்து வழக்கு விசாரணைக்கு வரும்போது, முதல் நாள் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்திருந்த பணியாளர் எந்த ஊரில் எந்த வேலையில் இருப்பார் என்று யாருக்குத் தெரியும்? வழக்கு நிரந்தரம், ஆதரவு தற்காலிகம் என்கிற இந்த ஏற்பாட்டை நிர்வாகக் குறைபாடு என்று தள்ளிவிட முடியவில்லை. பெண்ணுக்கு நேர்ந்ததை ஒரு அவசரச் சம்பவமாக, தீ விபத்து மாதிரி, ஐந்து நாளில் அணைத்துவிடக்கூடியதாகக் கட்டமைக்கும் பார்வையின் வெளிப்பாடு அது.

திண்டுக்கல் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்கு வேலுநாச்சியார் பெயர். கணவன் கொல்லப்பட்டபின் சிவகங்கைச் சீமையிலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு இந்தச் சமவெளி 8 ஆண்டுகள் அடைக்கலம் கொடுத்தது. விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர், ஹைதர் அலி என்று சாதி மதம் கடந்து ஆதரவும் சேர்ந்தது. ராணிக்கு 8 வருஷம், குடிமகளுக்கு 5 நாள். சரி, ராணிகளோடு ஒப்பிடுவது நியாயமில்லைதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பெண்கள் இயக்க மேடைகளில் நாம் அதிகம் பயன்படுத்திய தொடர் ‘மௌனத்தைக் கலைத்தல்’. பாதிக்கப்பட்டவள் பேசுவதில்லை, பேச வைக்க வேண்டும், பேசிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு என்பது அதன் உள்ளுறை. விளிம்பு நிலையினரால் பேச முடியுமா என்று ஸ்பிவாக் 1988இல் கேட்ட கேள்வியை நம்ம ஆட்கள் எந்த இடத்திலும் பொருத்திவிடுவதற்கு இந்தத் தொடரும் ஒரு காரணம். ஆனால் புகாரோடு அலைகிற பெண்ணைக் கிட்டத்தில் இருந்து பார்த்தால் நிலைமை தலைகீழ். அவளைப் பேசவிடாமல் தடுப்பது பாதிப் பிரச்சினை. மீதிப் பாதி, அவளைத் திரும்பத் திரும்பப் பேச வைப்பது.

எண்ணிப் பாருங்கள். வேடசந்தூர் பக்கத்து மில்லில் வேலை பார்க்கிற ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அம்மாவிடமோ சின்னம்மாவிடமோ சொல்கிறாள். பிறகு மில்லின் உள்ளகப் புகார்க் குழுவில், அப்படி ஒன்று அங்கே இருந்தால். மகளிர் காவல் நிலையத்தில் இரண்டு தடவை: ஒருமுறை அதிகாரியிடம் வாயால், இன்னொரு முறை ரைட்டர் எழுத எழுத, நிறுத்தி நிறுத்தி. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம். நீதித்துறை நடுவரிடம் வாக்குமூலமாக. ஒருங்கிணைந்த சேவை மையத்தின் படிவத்துக்காக வழக்குப் பணியாளரிடம். இழப்பீட்டுக்காகச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில். அப்புறம் வருஷங்கள் போய் நீதிமன்றத்தில் முதல் விசாரணை, அதன்பின் குறுக்கு விசாரணை. குறுக்கு விசாரணையில் வக்கீலின் வேலையே இதுவரை சொன்ன எட்டு ஒன்பது கதைகளையும் மேஜையில் பரப்பி, ஒன்றுக்கொன்று எங்கே இடிக்கிறது என்று காட்டுவது. எட்டு இடத்தில் எட்டு பேர் எட்டு விதமாக எழுதிக்கொண்டதற்கு அவள் ஒருத்தி பதில் சொல்லணும்.

கதைசொல்லி ஒருவரே, ஆனால் பிரதிகள் பல, எழுதியவர்களும் பலர். பாடபேத ஆராய்ச்சி படித்த எனக்கு இது பழகிய விஷயம். ஒரு சங்கப் பாடலின் ஏடுகளில் வேறுபாடு இருந்தால் ஏடெழுதியவர் மீது சந்தேகப்படுவோம். புலவர் பொய் சொன்னார் என்று சொல்ல மாட்டோம். நீதிமன்றத்தில் ஏடெழுதியவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

பாவமன்னிப்பு அறையில் தொடங்கிய ஒப்புதல் வாக்குமூலம் மருத்துவத்துக்கும் நீதிக்கும் பரவி, பேச வைப்பதே அதிகாரத்தின் வழிமுறை ஆனதை ஃபூக்கோ 1976இல் விரித்துச் சொன்னார். அந்தப் பார்வை இங்கே உதவுகிறது. ஆனால் ஃபூக்கோவை அப்படியே தோளில் தூக்கிக்கொள்ளத் தேவையில்லை. அதற்கடுத்த ஆண்டு ஒரு உரையாடலில், வன்புணர்ச்சியைப் பாலியலோடு சேர்க்காமல் முகத்தில் குத்துவது போன்ற உடல் வன்முறையாக மட்டும் தண்டித்தால் என்ன என்று அவர் யோசனை சொன்னார். மோனிக் ப்ளாஸா முதலான பிரெஞ்சுப் பெண்ணியவாதிகள் அதைக் கடுமையாக மறுத்தார்கள். முகத்தில் குத்து வாங்கியவன் போலீஸ் ஸ்டேஷனில், உனக்கும் அவனுக்கும் முன்னமே பழக்கம் உண்டா என்கிற கேள்வியை எதிர்கொள்வதில்லையே.

ஆக, சேவை என்பதற்கு என்ன அளவுகோல்? அவள் எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் என்று நான் நினைக்கிறேன். மையத்தின் வழிகாட்டு நெறிகளிலேயே இதற்கான விதை இருக்கிறது. காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் சொல்ல வேண்டியதை மையத்தில் இருந்தபடியே காணொளி மூலம் சொல்ல வசதி செய்யணும் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரே கூரை என்பதன் உண்மையான அர்த்தம் அதுதான்: ஐந்து துறைகளும் அவளைத் தேடி வரணும். நடப்பில் பல இடங்களில் கூரை ஒன்று கூடுதலாகி, சொல்ல வேண்டிய இடங்களின் எண்ணிக்கையில் இன்னொன்று சேர்கிறது.

*

மனுவின் மொழிக்கு வருவோம். கலெக்டர் ஆபீஸ், கோர்ட் வாசல்களில் இருக்கும் ஜெராக்ஸ் கடைகளில் மனு டைப் அடித்துத் தருவார்கள். அவர்களுக்கென்று ஒரு யாப்பு உண்டு. ‘மேற்படி நபர்’, ‘தகாத வார்த்தைகளால் திட்டி’, ‘ஆசை வார்த்தை கூறி’, ‘ஆகவே சமூகம் அவர்கள்’. இந்தத் தொடர்களில் என்னை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருப்பது ஆசை வார்த்தை. காவல் நிலையத்தில், நாளிதழில், தீர்ப்புகளின் தமிழில், எங்கும் அது. யாருடைய ஆசை? சொன்னவனுடையதா, கேட்டவளுடையதா? இலக்கணப்படி எழுவாய் அவன்தான். ஆனால் வாசிக்கிறவன் மனதில் ஆசைப்பட்டவளாக உட்காருவது அவள்.

ஒரு பெண். ஊர், ஆண்டு, வேலை எதையும் சொல்லப் போவதில்லை. கடையில் அடித்த மனுவை என்னிடம் வாசிக்கக் கொண்டுவந்தாள். நான் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தவள் அந்த இடத்தில் நிறுத்தினாள். “ஆச வார்த்தையெல்லாம் ஒண்ணும் பேசலக்கா அவன். வேலைய விட்டுத் தூக்கிருவேன்னுதான் சொன்னான். அத எழுதலயா?” எழுதவில்லை. மனுவின் யாப்பில் அதற்கு இடம் இல்லை. ஒரே ஒரு வழக்குத் தொடரில் மிரட்டல் மயக்கமாகியிருக்கிறது. வேலையிடத்து அதிகாரம் காதல் விவகாரமாகியிருக்கிறது. மிரட்டிய பிரிவும் பணியிடச் சட்டமும் அந்த இடத்திலேயே கழன்றுவிடும். நானும் அவளும் உட்கார்ந்து, அவள் வாயில் வந்த வரிசையிலேயே, ‘தூக்கிருவேன்’ என்கிற வார்த்தையோடு புதுசாக எழுதினோம். பேச்சு வழக்கில் புகார் எழுதக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

சொற்களில் இன்னும் ஒரு சிக்கல். ‘கற்பழிப்பு’ போய் ‘பாலியல் வன்கொடுமை’ வந்ததற்குப் பெண்கள் இயக்கம் நிறையப் பாடுபட்டிருக்கிறது, சந்தோஷம். ஆனால் தலித் மக்கள் தொடர்பான சட்டத்துக்கும் தமிழில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்றே பெயர். தலித் பெண் ஒருத்தியின் மனுவில் பாலியல் வன்கொடுமை என்று எழுதியதும், இரண்டாவது வன்கொடுமையும் அதிலேயே அடங்கிவிட்டதாகப் படிக்கிறவர்கள் நினைத்துவிடுகிறார்கள். அவள் சாதி என்ன, அவன் சாதி என்ன, அவனுக்கு அது தெரியுமா என்கிற மூன்று வரி மனுவில் இல்லாவிட்டால் அந்தச் சட்டத்தின் பிரிவுகள் விடுபட்டுப்போகவும், அதன் கீழ் கிடைக்க வேண்டிய நிவாரணம் கிடைக்காமலே போகவும் வழி இருக்கிறது. ஒரு சொல் இரண்டு அநியாயத்தைச் சுமக்கிற மாதிரித் தோன்றி, ஒன்றைக் கீழே போட்டுவிடுகிறது.

‘பாதிக்கப்பட்டவர்’ வேண்டாம், ‘மீண்டவர்’ என்போம் என்று தோழர்கள் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் நடந்த விவாதத்தின் எதிரொலி அது, தப்பில்லை. எங்க பக்கத்தில் அதற்கு ஏற்கெனவே ஒரு சொல் உண்டு: பிழைத்தவள். சாகாமல் தப்பியவள், கூலிக்குப் போய்ச் சம்பாதிப்பவள், பழைய வழக்கில் தவறு செய்தவள், மூன்றும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. ஊர் அவளை மூன்றாவது அர்த்தத்தில் படிக்கிறது. அரசு முதல் அர்த்தத்தில். இரண்டாவது அர்த்தத்தில், நாளைக்கு அவள் வேலைக்குப் போயாக வேண்டும் என்கிற அர்த்தத்தில் படிக்க யாருக்கும் நேரமில்லை.

*

மருத்துவப் பிரதிக்கும் நிவாரணப் பிரதிக்கும் உள்ள முரண்பாடு விசித்திரமானது. 2014இல் மத்திய சுகாதார அமைச்சகம் டாக்டர்களுக்கு விரிவான வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. வன்புணர்ச்சி என்பது சட்டச் சொல், மருத்துவ முடிவு அல்ல, காயம் இல்லை என்பதால் சம்பவம் நடக்கவில்லை என்று ஆகாது, போலீஸ் கடிதம் இல்லாமலே சிகிச்சையும் பரிசோதனையும் செய்யணும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேட்கணும், அவள் மறுக்கவும் உரிமை உண்டு. இருவிரல் பரிசோதனை கூடாது என்றும் அதில் இருக்கிறது. அப்படியும் அது தொடர்ந்ததால்தான் 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைத் தடை செய்யும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் கண்டித்தது. நம் மாவட்டத்து வழக்குகளின் மேல்முறையீடு போகிற இடம் மதுரைதான்.

இப்போது அடுத்த காகிதம். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 2016 திருத்த அட்டவணையில் வன்புணர்ச்சிக்கு 5 லட்சம் ரூபாய் நிவாரணம். பாதித் தொகை எப்போது? மருத்துவப் பரிசோதனையும் அதை ‘உறுதிப்படுத்தும்’ மருத்துவ அறிக்கையும் வந்த பிறகு. கால் பங்கு குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும், மீதிக் கால் கீழ் நீதிமன்ற விசாரணை முடிந்ததும். எதை உறுதிப்படுத்துவது? உறுதிப்படுத்த முடியாது, அது எங்கள் வேலை அல்ல என்று மருத்துவ நெறி சொல்கிறது. உறுதிப்படுத்தினால்தான் பணம் என்று நிவாரண விதி சொல்கிறது. இரண்டையும் எழுதியது ஒரே அரசாங்கம். டாக்டர் நேர்மையாக எழுதினால் பணம் தாமதம். இந்த இரண்டு காகிதத்துக்கும் நடுவில் நிற்பவள் தலித் பெண், வேறு யாருமில்லை.

பொதுவான இழப்பீட்டுத் திட்டம், 2018 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது, வன்புணர்ச்சிக்கு 4 முதல் 7 லட்சம் வரை என்கிறது. குற்றவாளி யாரென்று தெரியாவிட்டாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், தண்டனை கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் வருகிற தொகையில் முக்கால் பங்கு குறைந்தது மூன்று ஆண்டுக்கு வங்கி வைப்பில், கால் பங்குதான் கையில். அவளுக்குப் பணத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது என்று அரசு முடிவு செய்துவிட்டது. அண்ணன் பிடுங்கிக்கொள்வான் என்கிற பயத்தில் செய்ததாக இருக்கலாம், நியாயமான பயமும்தான். அந்த அண்ணன் இடத்தில் அரசு உட்கார்ந்துகொள்வது இன்னொரு விஷயம்.

*

இந்தச் சமவெளியின் இரண்டு சம்பவங்களைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 2019 ஏப்ரலில் வடமதுரை அருகே ஒரு பள்ளிச் சிறுமி பாலியல் வன்முறைக்குப் பின் மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்டாள். கைதான இளைஞரைத் திண்டுக்கல் மகளிர் நீதிமன்றம் 2020 செப்டம்பரில் விடுதலை செய்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். அடுத்த சில நாட்களில் தமிழ்நாடு முழுக்க முடிதிருத்தும் தொழிலாளர்கள் கடையை அடைத்துத் தெருவுக்கு வந்தார்கள். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. நான் சொல்ல வருவது: தீர்ப்பு வந்த அன்று அந்தக் குடும்பத்தின் பக்கத்தில் நிற்கும் சேவை என்று எந்தத் திட்டத்தின் எந்தப் பக்கத்திலும் ஒரு வரி இல்லை. நின்றது தொழில் சங்கமும் சாதிச் சனமும். அரசு இல்லாத இடத்தில் சாதி வந்து நிற்கும்போது, முற்போக்காளர்கள் முகம் சுளிப்பதற்கு முன்னால் அந்த இடம் ஏன் காலியாகக் கிடந்தது என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, 2021 ஜனவரி. நாச்சி அப்பேரல் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண்ணின் கொலை. கைதானவர் மேற்பார்வையாளர். அதற்கு முன்பே அவளுக்குத் தொல்லை இருந்ததைக் குடும்பமும் சக தொழிலாளிகளும் சொன்னார்கள். அவள் இருந்த சங்கம், பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், வழக்கோடு நிற்காமல் போராட்டத்தைச் சரக்கு வாங்குகிறவர்கள்வரை கொண்டுபோனது. 2022இல் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். நிறுவனங்களோடு கையெழுத்தானது திண்டுக்கல் ஒப்பந்தம். பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர்போன ஊரின் பெயர் உலகத் தொழிலாளர் இயக்கத்தில் இப்படி ஏறியிருக்கிறது.

அந்த ஒப்பந்தத்தில் என் பார்வையில் முக்கியமானது, தொழிலாளிகளிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்களை உற்பத்திக் கூடத்தில் வைத்தது, புகார் சொன்னவளைப் பழிவாங்கினால் அதுவே குற்றம் என்றது. உள்ளகக் குழுவுக்குப் புகார் எழுத்துமூலம் தர வேண்டும் என்பது 2013 பணியிடச் சட்டம். எழுத முடியாதவருக்கு உதவணும் என்றும் அதே சட்டம் சொல்லும், அதை யாரும் வாசிப்பதில்லை. இங்கே பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருக்கிறவளிடம், பேசுகிற மொழியில் சொல்லத் தொடங்கலாம். ‘தூக்கிருவேன்’ என்பதை அவளுக்கு விளக்க வேண்டியதில்லை, அவளுக்கும் அதே மேஸ்திரி. சொல்லும் பாரத்தில் ஒரு பகுதியைக் கேட்டவள் தூக்கிக்கொள்கிறாள்.

இதற்கும் எல்லை உண்டு. வெளிநாட்டுக் கம்பெனி சட்டை வாங்கினால்தான் இந்தக் கதவு திறக்கும். நிலக்கோட்டையில் விடியுமுன் பூப் பறிக்கப் போகிறவளுக்கும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் தரம் பிரிக்கிறவளுக்கும், வீட்டுவேலை செய்கிறவளுக்கும் எச் அண்ட் எம் கிடையாது. அவர்களுக்கு அதே 2013 சட்டம் கொடுத்தது மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. கிராமப்புறத்தில் வட்டாரத்துக்கும் தாலுகாவுக்கும், நகரத்தில் வார்டுக்கோ நகராட்சிக்கோ ஒரு பொறுப்பு அலுவலர் புகாரை வாங்கி, ஏழு நாளில் குழுவுக்கு அனுப்பணும். சட்டம் வந்து பதினோரு வருஷம் கழித்து, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் மாவட்ட அலுவலர்களை நியமியுங்கள், குழுக்களை அமையுங்கள் என்று கெடு வைக்க வேண்டியிருந்தது.

*

எழுத்தாளர்களிடம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. நம் இலக்கியத்தில் சம்பவம் உண்டு, சம்பவத்துக்குப் பிறகான அலுவலகம் இல்லை. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ (1966) கதையில் ஒட்டுமொத்த ஆதரவுச் சேவையும் ஒரு தாயும் தலையில் ஊற்றும் தண்ணீரும்தான். அன்றைக்கு அது பெரிய கலகம். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அதே தாய் கூச்சல் போட்டுவிடுகிறாள், பெண் தெருவுக்கு வருகிறாள், அடைக்கலம் கொடுத்த மாமாவே தொல்லையாகிறார். இரண்டிலும் போலீஸோ ஆஸ்பத்திரியோ தொலைவில்கூடத் தெரிவதில்லை. வீட்டுக்குள் குளியலறை உள்ள வர்க்கத்தின் கதை அது, ரகசியத்தை உள்ளேயே கழுவிவிடலாம். புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ (1943) ஒன்றுதான் பிறகு என்கிற காலத்தை நேராகப் பார்த்தது. மன்னிக்கப்பட்டபின் எப்படி வாழ்வது என்று தெரியாமல் அகலிகை மறுபடி கல்லாகிறாள்.

பாமாவின் ‘சங்கதி’ (1994) வேறு உலகம். கொல்லையில் வைத்து மாரியம்மாவிடம் அத்துமீறப் பார்த்த நிலக்காரர் முந்திக்கொண்டு, அவளும் ஒரு பையனும் ஒழுங்கு கெட்டுப்போனதாக நாட்டாமையிடம் சொல்லிவிடுகிறார். ஊர் கூடுகிறது. மாரியம்மாளுக்கு 200 ரூபாய் அபராதம், பையனுக்கு 100. பின்னால் நின்று முணுமுணுத்த பெண்களை ஆண்கள் அதட்டி விரட்டுகிறார்கள். தமிழில் ஒரு விசாரணை அமைப்பின் உள்ளே வைத்து, யார் முதலில் சொன்னார்கள், யாருடைய சொல் பதிவானது, தண்டத்தொகை எப்படிப் பிரிந்தது என்று கணக்குப் பார்த்த எழுத்து எனக்குத் தெரிந்து இதற்கு முன்பு இல்லை. பாமாவை ‘அனுபவ எழுத்து’ என்று பாராட்டி ஓரமாக உட்கார வைத்தவர்கள் இந்த அரசியல் நுட்பத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஊர்க்கூட்டத்தை அவர் எழுதினார். ஆஸ்பத்திரியின் மர பெஞ்சை, நடுவர் அறை வாசலில் காத்திருக்கும் மத்தியானத்தை, குஜிலியம்பாறைக்குக் கடைசி பஸ் போய்விட்ட ராத்திரியில் மையத்தில் இவளுக்குத் தோசை ஊற்றுகிற அந்தத் தற்காலிக உதவியாளரை இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.

அந்த ஊர்க்கூட்டத்தின் இடத்தில் இப்போது என்ன இருக்கிறது? ஊராட்சி. 2019 ஊரகத் தேர்தல் முதல் பாதி இடங்கள் பெண்களுக்கு. திண்டுக்கல் நகரம் 2014இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஆனால் சேவை மையம் மத்திய நிதி, மாநிலத் துறை, கலெக்டர் மேற்பார்வை. ஊராட்சித் தலைவிக்கு அதில் ஒரு நாற்காலியும் இல்லை. குழந்தைகள் விஷயத்தில் மட்டும் கிராம அளவிலான பாதுகாப்புக் குழுவுக்கு ஊராட்சித் தலைவர் தலைவராகிறார். ஆதிக்கச் சாதி ஊரில் அது பழைய நாட்டாமையே புதுப் பெயரில் உட்காருவதாகவும் முடியலாம், தலித் பெண் தலைவி உட்கார்ந்த ஊரில் வேறு மாதிரியும் ஆகலாம். உள்ளாட்சிக்கு அதிகாரம் கொடு என்று பொத்தாம்பொதுவாகக் கோஷம் போட எனக்கு விருப்பமில்லை, தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கு வேண்டவே வேண்டாம். தீர்ப்புச் சொல்லாத வேலைகள் நிறைய உண்டு. ராத்திரியில் ஒரு வண்டி. கூடப் போக ஒரு பெண். உள்ளூர்க் குழுவின் பொறுப்பு அலுவலர் பெயரும் 181 என்கிற எண்ணும் ஊராட்சிச் சுவரில் பெயின்ட்டில். உள்ளாட்சி மன்றங்கள் நடத்தும் ஆஸ்பத்திரி உட்பட எந்த ஆஸ்பத்திரியும் இவளுக்கு உடனே இலவசச் சிகிச்சை தராவிட்டால் தண்டனை உண்டு என்பது 2013லிருந்து சட்டம். 2024 ஜூலை முதல் வாயில் நுழையாத சம்ஸ்கிருதப் பெயரோடு வந்த புதிய சட்டங்களிலும் அது அப்படியே இருக்கிறது. அதையும் தமிழில் அந்தச் சுவரில் எழுதலாம்.

வரும் நவம்பர் 1, உள்ளாட்சி தினக் கிராம சபைக்கு இப்படி ஒரு தீர்மானம் கொண்டுபோவதாக எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். குடிநீர், சாக்கடை, டெங்கு, நூறு நாள் வேலை என்று போகிற பொருள்பட்டியலில் இதை எங்கே சேர்ப்பது என்று ஊராட்சிச் செயலர் முழிப்பார். தீர்மானத்தை வாயால் சொல்லிவிட்டு வந்துவிடப் போவதில்லை. பதிவேட்டில் அவர் என்ன சொல்லைப் போட்டு எழுதுகிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்கணும் என்று சொல்லியிருக்கிறேன்.